பறக்கும் டகோட்டாவும் நிற்கும் டகோட்டாவும்

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. மெரினா வானில் விமானப்படையின் சாகசம். ரஃபேலுக்கும் தேஜஸுக்கும் கைதட்டல் விழுந்துகொண்டிருந்தபோது, அவசரமே இல்லாமல் இரண்டு இன்ஜின்களை உருட்டிக்கொண்டு ஒரு கிழட்டு விமானமும் கடற்கரையைக் கடந்து போனது. டகோட்டா. அன்றைய வெயிலும் நெரிசலும் ஐந்து உயிர்களைக் கொண்டுபோய்விட்டதால் மறுநாள் நாளிதழ்கள் அதைத்தான் எழுதின. எழுத வேண்டியதும் அதுதான். ஆனால் அந்தப் பழைய விமானத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கப்படாமலே போயிற்று. அதன் உடம்பில் எழுதியிருக்கும் விபி 905 என்ற எண் அதனுடைய எண்தானா?

இல்லை. 1947 அக்டோபர் 27 காலையில் முதலாம் சீக்கியப் படைப்பிரிவினரை ஏற்றிக்கொண்டு ஸ்ரீநகரில் இறங்கிய 12ஆம் ஸ்குவாட்ரனின் டகோட்டாவுக்கு உரியது அந்த எண். மெரினாவுக்கு வந்தது வேறு விமானம். 1944இல் கட்டப்பட்டது, பிரிட்டிஷ் விமானப்படையில் கே.என். 397 என்ற எண்ணோடு இருந்தது, பிறகு ஜி-ஏஎம்எஸ்வி என்ற பதிவோடு பிரிட்டனில் பல காலம் சிவில் வேலை பார்த்தது. டகோட்டா விமானியாக இருந்த ஏர் கமடோர் எம்.கே. சந்திரசேகரின் மகன் ராஜீவ் சந்திரசேகர் 2011இல் அதை வாங்கி, இங்கிலாந்தின் கவன்ட்ரியில் பழுது நீக்கி, தந்தையின் நினைவாக விமானப்படைக்குக் கொடுத்தார். 2018 ஏப்ரலில் அது ஐரோப்பா, அரபு நாடுகள் வழியாகப் பறந்து ஜாம்நகர் வந்து இறங்கியது. மே 4 அன்று ஹிண்டனில் முறைப்படி படையில் சேர்ந்தது. 'பரசுராமா' என்ற பெயரும் விபி 905 என்ற எண்ணும் அதற்கு அணிவிக்கப்பட்டன.

இதில் மோசடி எதுவும் இல்லை. விமானப்படை எதையும் மறைக்கவில்லை. மரியாதை செய்வதற்காக வைத்த எண் என்று வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. ஆனாலும் பழைய விமானங்களைத் தேடிக் கண்டுபிடித்துக் கணக்கெடுக்கும் வேலையில் இந்த எண் ஒரு வழக்கைக் கிளப்புகிறது. பறக்கும் டகோட்டா, சொந்த எண்ணோடு தரையில் நிற்கும் டகோட்டா, மலையிலோ கடலிலோ சிதறிக் கிடக்கும் சிதைவு, காகிதத்தில் மட்டும் இருக்கும் டகோட்டா. இவற்றில் எதை 'மிஞ்சியது' என்று ஏற்பது? எதற்குப் பணம் செலவழிப்பது? கேட்க எளிய கேள்விதான். பதிலில்தான் சிக்கல்.

முதலில் இந்த விமானத்தின் அந்தஸ்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். டக்ளஸ் நிறுவனத்தின் டிசி-3 முதன்முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17 அன்று. போர் வந்ததும் அதன் ராணுவ வடிவமான சி-47 ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டது. அமெரிக்காவில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். சோவியத் ஒன்றியமும் ஜப்பானும் உரிமம் பெற்றுத் தனியாகக் கட்டின. பிரிட்டிஷார் வைத்த பெயர் டகோட்டா. போர் முடிந்ததும் உபரி விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. இந்தியாவில் நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கின. 1953 ஆகஸ்ட் 1 அன்று எட்டு தனியார் நிறுவனங்களைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானபோது கைக்கு வந்த 99 விமானங்களில் 74 டகோட்டா. விமானப்படையிடம் இருந்தவை இந்தக் கணக்கில் சேராது.

அந்த 74 என்ன செய்தன என்று கேட்டால் வீரக்கதை எதுவும் வராது. சாமான் தூக்கின. ஆள் ஏற்றின. தபால் சுமந்தன. 1949 ஜனவரியில் தொடங்கிய இரவுத் தபால் சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லி, பம்பாய், கல்கத்தா, மதராஸ் ஆகிய நான்கு ஊர்களிலிருந்தும் இரவில் கிளம்பும் விமானங்கள் நடுநிசியில் நாகபுரியில் கூடும். மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பும். மயிலாப்பூரில் சாயங்காலம் பெட்டியில் போட்ட கடிதம் மறுநாள் டெல்லியில் கிடைத்ததென்றால் அதற்குக் காரணம் இந்தக் கூட்டம்தான். 1963இல் 'தி இந்து' நாளிதழ் பத்திரிகைக் கட்டுகளை வெளியூருக்கு அனுப்பச் சொந்தமாகவே விமானங்களை வைத்துக்கொண்டது. மவுண்ட் ரோடு ஆபீஸ்காரர்களுக்கு விமானம் என்பது வேன் மாதிரி ஒரு வேலைக்கார வண்டி. கடலுக்கு அப்பாலும் அப்படித்தான். 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் பயணத்தை ஒரு டகோட்டாவில்தான் தொடங்கியது; இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் நின்று, மதராஸ் வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் மதராசுக்கு வானவழியே வந்தது இப்படித்தான் ஆரம்பித்தது.

இப்போது எவையெவை மிஞ்சியிருக்கின்றன என்று பாருங்கள். டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒன்று. இரத்மலானையில் இலங்கை விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒன்று. புவனேசுவரத்தில் பிஜு பட்நாயக்கின் கலிங்கா ஏர்லைன்சுக்குச் சொந்தமாயிருந்த விடி-ஏயுஐ. இது கல்கத்தா விமான நிலையத்தில் பல பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. 2023 ஜனவரியில் பகுதி பகுதியாகப் பிரித்து லாரிகளில் ஏற்றி ஒடிசாவுக்குக் கொண்டுபோனார்கள். இவற்றோடு மெரினாவுக்கு வந்த பரசுராமா. வேறு சிலவும் உண்டு. ஆனால் பொதுமக்கள் கண்ணில் படும் இந்த நான்கையும் பார்த்தாலே ஒன்று புரிகிறது. இரண்டு விமானப்படைகளின் பெருமை, ஒரு மகனின் பாசம், ஒரு மாநிலத்தின் அரசியல் நாயகன். ஒவ்வொரு டகோட்டாவையும் காப்பாற்றியது அதன் பின்னால் இருந்த ஆளோ படையோதான். தபால் மூட்டை தூக்கிய டகோட்டாவுக்கு அப்படி யாரும் இல்லை. அது காயலான் கடைக்குப் போய் அலுமினியமாக உருகியது.

இந்த இடத்தில் ஒரு கணிதவியலாளரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும். அவருடைய முடிவே ஒரு டகோட்டாவில்தான் நேர்ந்தது, அதுவும் தமிழ்நாட்டில். ஆபிரகாம் வால்ட், 1902இல் இன்றைய ருமேனியாவின் குளூஜ் நகரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் ஆய்வுக் குழுவில் இருந்தார். குண்டுவீச்சு விமானங்கள் உடம்பெல்லாம் ஓட்டைகளோடு திரும்பி வந்தன. ஓட்டை அதிகமுள்ள இடத்தில் கவசம் போடலாமா? திரும்பி வந்தவற்றில் ஓட்டை விழுந்த இடங்கள் தாங்கக்கூடியவை. எங்கே ஓட்டை காணவில்லையோ அங்கே அடி வாங்கியவை திரும்பவே இல்லை, ஆகவே கவசம் அங்கேதான் வேண்டும். வால்ட் இப்படிச் சொன்னதாக ஒரு கதை நிர்வாக வகுப்புகளில் ஓடுகிறது. அவர் எழுதிய அறிக்கைகள் இவ்வளவு சுலபமானவை அல்ல. திரும்பியவற்றின் தரவை மட்டும் வைத்துக்கொண்டு, திரும்பாதவை எங்கே அடிபட்டிருக்கும் என்று மதிப்பிடும் கணித முறை அது. அந்த அறிக்கைகள் 1980இல் மறுபதிப்பாக வந்தன. அந்தக் கதையோடு சுற்றும், சிவப்புப் புள்ளி வைத்த விமானப் படம் பிற்காலத்தவர் சேர்த்தது.

அந்த வால்ட், இந்திய அரசின் அழைப்பில் விரிவுரைப் பயணமாக வந்திருந்தபோது, 1950 டிசம்பர் 13 அன்று மனைவியோடு ஏறிய ஏர் இந்தியா டகோட்டா விடி-சிஎஃப்கே, நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ரங்கசாமி தூணுக்கு அருகே மலையில் மோதியது. யாரும் பிழைக்கவில்லை.

டகோட்டாக்களின் பட்டியலை வால்ட் சொன்ன கண்ணோடு படித்தால் பாலமும் ஸ்ரீநகரும் கலிங்காவும் மட்டுமே கதை என்று நம்பமாட்டோம். ஆனால் இந்த ஒப்புமையை ஒரு எல்லைக்கு மேல் இழுக்கவும் கூடாது. குண்டு யார் பேரையும் பார்த்து விழுவதில்லை. காயலான் கடைக்காரர் பார்த்துத்தான் வாங்குவார். தபால் டகோட்டா அழிந்தது தற்செயலாக அல்ல. அதை விற்க ஒருவருக்குக் காரணம் இருந்தது, காப்பாற்ற யாருக்கும் காரணம் இல்லை. ஆகவே வால்ட் நமக்குத் தருவது எச்சரிக்கை மட்டுமே. பதில் நாமே தேட வேண்டியது.

பறக்கும் டகோட்டாவுக்கு வக்காலத்து வாங்குபவர்களின் வாதத்தை முழுபலத்தோடு வைத்துப் பார்ப்போம். டகோட்டா இவ்வளவு காலம் தாங்கியதற்குக் காரணம் அதன் கட்டுமானம். கேபினில் காற்றழுத்தம் ஏற்றுவதில்லை. ஆகவே ஒவ்வொரு பயணத்திலும் உடம்பு ஊதி அடங்கிக் களைத்துப்போகும் தொல்லை இல்லை. இறக்கைக்குள் ஒரே முதுகெலும்பை நம்பாமல் பல அறைகளாகப் பிரித்த அமைப்பு. தேயும் பாகத்தைக் கழற்றி மாற்றிக்கொண்டே போகலாம். பாலத்தில் திறந்தவெளியில் நின்ற டகோட்டாவைக் கிட்டப் போய்ப் பார்த்தபோது அது கண்ணுக்கே தெரிந்தது. உடம்பு முழுக்க ரிவெட் தலைகள் குமிழ் குமிழாகக் கையில் தட்டுப்படுகின்றன. ஜெட் யுகத்து வழுவழுப்பு கிடையாது. வால் துடுப்போ உலோகமே இல்லை, சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி. அந்தத் துணி எத்தனை முறை மாறியிருக்கும்! இன்ஜின் மாறும், இறக்கை மாறும், டயர் மாறும். அப்படியிருக்க 'அசல்' என்ற சொல்லுக்கு என்ன பொருள்? மாறிக்கொண்டே இருப்பதுதான் டகோட்டாவின் இயல்பு. எண்ணும் அதில் ஒரு பாகம்தானே? அது மட்டும் மாறக்கூடாதா? மேலும், நின்றுபோன விமானம் சத்தம் போடாது. பதினான்கு சிலிண்டர் டிவின் வாஸ்ப் இன்ஜின் இரண்டு சேர்ந்து உறுமுவதைக் கேட்காதவருக்கு டகோட்டா என்ன தெரியும்?

கடைசி வாதத்தை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். சத்தத்துக்கு ஈடு இல்லை. ஆனால் எண்ணைப் பற்றிய வாதம் நிற்காது. புதுப்பேட்டையில் பழைய வண்டி வாங்கப் போகிறவரைக் கேளுங்கள். இன்ஜினை மாற்றியிருக்கிறார்கள் என்றால் பரவாயில்லை, ஆர்சி புத்தகத்தில் ஏற்றியிருந்தால் போதும் என்பார். வேறு வண்டியின் சேசிஸ் நம்பரை இதில் அடித்திருக்கிறார்கள் என்றால் எழுந்து போய்விடுவார். பாகம் மாறுவது பராமரிப்பு. அது பதிவேட்டில் ஏறும். இன்னொன்றின் எண் வருவது அடையாளம் மாறுவது. இரண்டும் ஒன்றல்ல. சி-47களில் இந்தக் கவனம் இன்னும் அவசியம். ஓக்லஹோமா சிட்டி ஆலையில் கட்டிய பல விமானங்களுக்குத் தயாரிப்பு எண்ணே இரண்டு இருக்கிறது. எண்ணைக் கையிலெடுத்துத் தேடுபவர்கள் தடுமாறும் இடம் இது.

எண்ணை விடாமல் பிடித்ததால் கிடைத்த பலனுக்கும் உதாரணம் உண்டு. 1944 ஜூன் 6 நார்மண்டித் தரையிறக்கத்தில் பாராசூட் வீரர்களோடு முன்னணியில் போன சி-47 'தட்ஸ் ஆல், பிரதர்' எங்கே என்று வெகுகாலம் யாருக்கும் தெரியவில்லை. வரிசை எண்ணை வைத்துத் தேடியதில், அமெரிக்காவின் ஆஷ்காஷில் பாஸ்லர் நிறுவனத்தின் வளாகத்தில் அது கண்டுபிடிக்கப்பட்டது. டகோட்டாவுக்கு டர்போபிராப் இன்ஜின் பொருத்திப் புது விமானமாக மாற்றித் தரும் நிறுவனம் அது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் அந்த விமானமும் மாற்றத்துக்குப் போயிருக்கும். மீட்டெடுத்து, 2019இல் மறுபடி நார்மண்டிக்கே பறக்கவிட்டார்கள். இங்கே பறப்பும் எண்ணும் ஒன்றாகவே இருந்தன. பறக்கும் விமானத்தைத்தான் வேண்டும் என்பவர்கள் காட்ட வேண்டிய உதாரணம் இதுதான். நம் பரசுராமா அந்த வகையில் சேராது.

பரசுராமாவிடம் எனக்குள்ள வருத்தம் வேறு. ஜி-ஏஎம்எஸ்வி பிரிட்டனில் ஏர் அட்லாண்டிக் நிறுவனத்தில் இருந்த காலத்தில், கப்பலிலிருந்து கடலில் கொட்டிய எண்ணெயைக் கரைக்க மருந்து தெளிக்கும் பணிக்கு ஒதுக்கப்பட்ட டகோட்டாக்களில் ஒன்று. எத்தனை அழகான உத்தியோகம்! போரில் பிறந்த ஒரு விமானம் முதுமையில் கடலைச் சுத்தம் செய்யப் போகிறது. உதவிக்கு வரும் விமானம் என்ற வகைக்கே இலக்கணமான வாழ்க்கை. அதன்மேல் ஒரு போர்க்கதையைப் பூசிவிட்டோம். ஸ்ரீநகருக்கு மரியாதை செய்தோம். நம் கையில் இருந்த விமானத்தின் சொந்தக் கதை பெயின்ட்டுக்கு அடியில் போய்விட்டது.

புவனேசுவரத்திலும் ஒரு சிறு எச்சரிக்கை தேவை. பிஜு பட்நாயக் 1947 ஜூலையில் இந்தோனேசியாவின் சுதான் ஷாரிரை மீட்டு வந்த வீரச்செயலோடு இந்த விமானத்தை நேரடியாக முடிச்சுப்போட்டுப் பேசுவது வழக்கமாகிவிட்டது. கலிங்காவிடம் இருந்தது ஒரே ஒரு டகோட்டா அல்ல. அதே மாதம் 29ஆம் தேதி மருந்துப் பொருட்களோடு போன விடி-சிஎல்ஏ, யோக்யகர்த்தா அருகே டச்சுப் போர் விமானங்களால் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஆகவே லாக் புத்தகத்தின் பக்கத்தைக் காட்டாதவரை, 'கலிங்கா ஏர்லைன்ஸ் டகோட்டா' என்பது மட்டுமே பலகையில் எழுதத் தகுந்த உண்மை. அதுவே போதுமான பெருமை. சொந்தப் பதிவெண்ணை அழிக்காமல் நிறுத்தியிருக்கிறார்களே, அதற்காக ஒடிசாவுக்கு என் ஓட்டு.

சிதைவை எப்படி மதிப்பிடுவது என்பதற்குத் தென்சென்னையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஆன்டனோவ் ஏஎன்-32, கே 2743, 29 பேரோடு வங்கக்கடலில் மறைந்தது. டகோட்டாவுக்குப் பிந்தைய தலைமுறையின் சுமைதூக்கி அது. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படமெடுத்தது. 2024 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. அந்த அறிவிப்பின் நடையைக் கவனியுங்கள். படங்கள் ஏஎன்-32 ஒன்றின் சிதைவோடு ஒத்துப்போகின்றன. அந்தப் பகுதியில் வேறு விமானம் காணாமல்போனதாகப் பதிவில்லை. ஆகவே இது அதுவாக இருக்கலாம். மூன்றே படி. எது தெரியும், எது ஊகம் என்று பிரித்துக் காட்டும் நேர்மை அதில் இருக்கிறது. அந்த 29 குடும்பங்களுக்கு அது சமாதியும்கூட. அங்கிருந்து ஒரு பாகத்தைக் கொண்டுவந்து காட்சிக்கு வைக்க வேண்டும் என்று யாரும் பேசாதது நல்லது. கோத்தகிரி மலைக்கும் இதே விதியைத்தான் நான் வைப்பேன். சிதைவு சாட்சி, சேகரிப்புப் பொருள் அல்ல.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். டகோட்டா குடிப்பது ஜெட் எரிபொருள் அல்ல, ஏவ்கேஸ் என்ற உயர்தரப் பெட்ரோல். 2022 செப்டம்பர் வரை இந்தியா அதை இறக்குமதிதான் செய்துகொண்டிருந்தது. பிறகுதான் இந்தியன் ஆயில் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் தயாரிக்கத் தொடங்கியது. ஒரு விமானத்தைப் பறக்கும் நிலையில் வைத்திருக்க விமானப்படையால் முடியும். நகராட்சியாலோ கல்லூரியாலோ முடியாது. பறப்பதையே அளவுகோலாக வைத்தால், எஞ்சியவற்றைக் காக்கும் தகுதி படைக்கு மட்டும்தான் என்றாகிவிடும். மறுபடியும் போர்க்கதை மட்டுமே மிஞ்சும்.

நிற்கும் விமானத்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குக் குரோம்பேட்டையே பதில் சொல்லும். எம்ஐடியில் படிக்கச் சேர்ந்த அப்துல் கலாம், அங்கே பாடம் நடத்துவதற்காக நிறுத்தியிருந்த இரண்டு ஓய்வுபெற்ற விமானங்கள் தன்னை எப்படி இழுத்தன என்று தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். விமானப் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். அந்த இரண்டும் பறக்கவில்லை. யாருடைய வீரக்கதையையும் சுமக்கவில்லை. கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் நின்றன, அவ்வளவுதான்.

என் தீர்ப்பு இது. சொந்த எண்ணோடு, லாக் புத்தகத்தோடு, செய்த வேலையைச் சொல்லும் பலகையோடு தரையில் நிற்கும் விமானமே முதல் தரம். சொந்த எண்ணோடு பறப்பது கிடைத்தால் அது அதிர்ஷ்டம். அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்னொன்றின் எண்ணில் பறப்பது மரியாதைக்குரிய நாடகம். ரசிக்கலாம், எஞ்சியவற்றின் கணக்கில் அந்த எண்ணால் சேர்க்கக் கூடாது, கே.என். 397 என்றுதான் சேர்க்க வேண்டும். சிதைவை அது கிடக்கும் இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

டகோட்டா விஷயத்தில் சென்னை தவறவிட்டதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் அடுத்தது இப்போது வாசலில் நிற்கிறது. கான்பூரில் கட்டிய ஆவ்ரோ 748. முதலாவது பறந்தது 1961 நவம்பர் 1 அன்று. மொத்தம் 89 கட்டினார்கள், இந்தியன் ஏர்லைன்சும் ஓட்டியது. விமானப்படையில் மிஞ்சிய ஆவ்ரோக்களின் இடத்தில் சி-295 வந்துகொண்டிருக்கிறது. முதல் சி-295 2023 செப்டம்பரில் சேர்ந்தது. மொத்த ஒப்பந்தம் 56. ஒவ்வொரு ஆவ்ரோவாக ஓய்வு பெறும். அவற்றில் ஒன்றைத் தமிழ்நாடு அரசு கேட்டு வாங்கி, கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தில் நிறுத்த வேண்டும். எந்தப் போரில் கலந்துகொண்டது என்று தேடிப் பிடித்து எழுத வேண்டாம். யாரை, எதை, எங்கே சுமந்தது என்று எழுதினால் போதும். எண்ணை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மயிலாப்பூரிலும் தி. நகரிலும் அடையாறிலும் பழைய ஆல்பங்கள் உள்ள வீடுகள் இன்னும் இருக்கின்றன. மீனம்பாக்கத்தில் மாலையோடு தாத்தா விமானப் படியில் நிற்கும் படம் இருந்தால், தாத்தாவைப் பார்த்த பிறகு பின்னால் பாருங்கள். வாலிலோ இறக்கையிலோ 'விடி' என்று தொடங்கி மூன்று எழுத்துகள் இருக்கும். அவற்றைத் தேதியோடு படத்தின் பின்பக்கம் பென்சிலில் எழுதி, ஒரு பிரதியைத் தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்குக் கொடுங்கள்.